மீனுக்கு முன்னர் பொறுமையை விற்போம்

அலங்கார மீன் வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நமது சகோதரர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கடல்மீன் தொட்டி கேட்டு வருபவருக்குத் தொட்டி, உப்பு, கல், மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே பில்லில் கொடுத்து விடுவார்கள். அன்றைய கல்லா நிறையும். ஒரு வாரத்தில் மீன்கள் செத்து மிதக்கும். பழியோ வாங்கியவர் தலையில் விழும்.

உண்மையில் நடப்பது என்ன? மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் தீங்கானதே. வேறு வகைப் பற்றீரியா அதை நைத்திரேற்றாக மாற்றிய பின்னர்தான் ஆபத்துக் குறையும். புதிய தொட்டியில் இவை போதியளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் செல்லும். தண்ணீர் தெளிவாக இருப்பது இதற்கு அத்தாட்சியாகாது.

'லைவ் ரொக்' எனப்படும் உயிர்க்கல்லின் பயன் இங்குதான். அதன் துவாரங்களில் இப்பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. நல்ல கல் காத்திருக்கும் காலத்தைக் குறைக்கும், இல்லாமலாக்காது. பயணத்தில் கல்லிலுள்ள சிற்றுயிர்கள் பல இறந்து அழுகுவதால், அமோனியா முதலில் ஏறவே செய்யும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகி, நைத்திரேற்று தென்பட்ட பின்னர், தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றி, ஓரிரு மீன்களோடு தொடங்குவதே முறை.

இன்னொன்று. நமது கரையோரத்தில் முருகைக்கல் உடைத்தெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கி விற்பது ஹலாலான வியாபாரத்திற்கு அழகல்ல. வெளிநாட்டுக் கல்லும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அனுமதிப் பத்திரம் இல்லாத கல்லை விட, கூடுதலாகக் காத்திருக்க வேண்டிய வெறும் கல்லே மேல்.

"இன்றைக்கே மீன் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே" என்று கேட்பீர்கள். சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் கணக்குப் பாருங்கள். 200 லீற்றர் தொட்டிக்கு லீற்றருக்கு 35 கிராம் வீதம் 7 கிலோ உப்பு வேண்டும். முதல் நாளில் தொட்டி, பம்பி, உப்பு, கல், பரிசோதனைப் பெட்டி இவற்றை விற்கலாம். மீனுக்கு முற்பணம் வாங்கி, அதை நமது தொட்டியிலேயே வைத்திருக்கலாம். வாரம் ஒருமுறை ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி இலவசமாகச் சோதித்துக் கொடுக்கலாம். அப்படிக் கடைக்கு வந்து போகிறவர் வருடக் கணக்கில் நமது வாடிக்கையாளர். மீன் செத்தவரோ தொட்டியைப் பழைய விலைக்கு விற்றுவிட்டு, நமது கடைப் பக்கமே திரும்பமாட்டார்.

ஈரமான தானியத்தை அடியில் மறைத்து வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தைக் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். தானியத்தின் ஈரத்தையாவது கைவிட்டுப் பார்த்தால் அறியலாம். அமோனியா கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. அதை அறிந்தவர் விற்பவர் மட்டுமே. எனவே சொல்லி விற்கும் கடமையும் அவருடையதே. பரக்கத் அதில்தான் இருக்கிறது.