ஏழடி வீடு

இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் படகு வீடுகளைப் பற்றி நம்மவர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் படகுகளின் மேல் அல்ல. படகுகளைப் பற்றிய பரவசத்தின் மேல்.

கூரைமேல் பூந்தொட்டி, சிறு குழாயிலிருந்து நெளிந்தெழும் புகை, கரையோரம் ஒரு மரம், நீரில் இரண்டு அன்னங்கள். இந்தப் படத்தைக் கண்டு பெருமூச்சு விடாதவர் யார்? "இதுவல்லவா வாழ்க்கை! வாடகைத் தொல்லை இல்லை. அண்டை வீட்டுச் சண்டை இல்லை. ஊர் பிடிக்கவில்லையென்றால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடலாம்!" என்கிறார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. மனமுடைந்த கதாநாயகியை முன்பெல்லாம் ஆசிரமத்தில் கொண்டுபோய் விட்டோம். பிறகு மலைவாசஸ்தலத்தில் விட்டோம். கதை சீமைக்குப் போனால் இப்போது படகு வீட்டில் விடுகிறோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் அருந்தி மன அமைதி அடைகிறாள். அந்தத் தேநீருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அடுப்புக்கு நிலக்கரியை யார் சுமந்தார்கள் என்று ஆசிரியரும் எழுதுவதில்லை, வாசகரும் கேட்பதில்லை.

இது வெறும் அசட்டுத்தனமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இதனால் நஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். படகில் குடியிருப்பவனுக்குக் குளிரும் துருவும் விரோதிகள்தாம். ஆனால் அவற்றைவிடப் பெரிய விரோதி, அவனுடைய பிழைப்பைப் பார்த்து "எவ்வளவு அழகு!" என்று கைதட்டுகிறவர். இதுதான் என் கட்சி.

முதலில் அந்தப் படகு ஏன் அப்படி இருக்கிறது என்று பாருங்கள். நீளம் 70 அடி வரைகூட இருக்கும். அகலம் மட்டும் 6 அடி 10 அங்குலம். ஒற்றை மாட்டுத் தொழுவத்துக்குக்கூட இதைவிடத் தாராளமாக இடம் விடுவார்கள். இந்த அகலத்தை எந்தக் கவிஞனும் தேர்ந்தெடுக்கவில்லை. 1766-இல் தொடங்கிய டிரெண்ட்-மெர்ஸி கால்வாய்க்கு ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர், தண்ணீரையும் கட்டுமானச் செலவையும் மிச்சம் பிடிப்பதற்காக ஏழடி அகலத்தில் 'லாக்'குகளைத் திட்டமிட்டார். லாக் என்பது இரு முனைகளிலும் கதவு போட்ட நீர்த்தொட்டி. கால்வாய் மேடேறும் இடத்தில் தொட்டிக்குள் தண்ணீரை விட்டுப் படகை உயர்த்துவார்கள். பள்ளத்தில் தண்ணீரை வடித்துப் படகை இறக்குவார்கள். அதற்குள் நுழைய வேண்டுமென்றால் படகு ஏழடிக்குள் அடங்கியாக வேண்டும். ஆகவே நாம் ரசிக்கும் அந்த மெல்லிடை சிக்கனத்தில் பிறந்தது.

குடும்பங்கள் படகில் ஏறியதும் ரசனையால் அல்ல. 1840-களுக்குப் பிறகு ரயில் வந்து கால்வாயோடு போட்டியிட்டது. சரக்குக் கூலி விழுந்தது. கரையில் ஒரு வீட்டுக்கு வாடகையும், படகில் ஒரு கூலியாளுக்குச் சம்பளமும் கொடுக்கப் படகோட்டிக்குக் கட்டவில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு மனைவியையும் மக்களையும் படகிலேற்றிக்கொண்டான். அவர்களுக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் ஏறக்குறைய பத்தடி நீளமுள்ள ஓர் அறை. மீதி நீளமெல்லாம் நிலக்கரிக்கும் களிமண்ணுக்கும். மடித்தால் அலமாரி, விரித்தால் மேஜை. இரவில் குறுக்கே இழுத்தால் கட்டில். சமையல், பிரசவம், நோய், சாவு எல்லாம் அதற்குள்ளேதான். அந்த அறையின் கதவில் தீட்டிய ரோஜாவையும் கோட்டையையும் இன்று நாம் 'நாட்டுக்கலை' என்று கொண்டாடுகிறோம். கதவுக்குப் பின்னால் இருந்தவர்களை யார் கொண்டாடினார்கள்?

ஒருவர் அவர்களைப் பற்றி எழுதினார். ஜார்ஜ் ஸ்மித் என்ற சீர்திருத்தக்காரர் 1875-இல் படகு மக்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். குடிகாரர்கள், எழுத்தறிவற்றவர்கள், தெய்வ பயமில்லாதவர்கள் என்று அவர்களை வர்ணித்தார். நோக்கம் நல்லதுதான். 1877-இலும் 1884-இலும் சட்டங்கள் வந்தன. எத்தனை பேர் படகில் படுக்கலாம் என்பதற்குக் கணக்கு வந்தது. குழந்தைகளின் படிப்பைப் பற்றி யோசித்தார்கள். ஆனால் அவர் மிகைப்படுத்தி எழுதியதால் ஒரு நேர்மையான உழைப்பாளிக் கூட்டத்தின்மேல் சேறு ஒட்டிக்கொண்டது. அன்று வசை, இன்று வாழ்த்து. இரண்டுக்கும் நடுவில் காணாமற் போகிறவன் ஒருவனே: காலையில் எழுந்து சாம்பலை அள்ளிக் கொட்டுகிற மனிதன்.

"எல். டி. சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்' புத்தகத்தைப் படித்தீர்களா? அதுவும் பரவசந்தானே?" என்று ஓர் அன்பர் மடக்கக்கூடும். படித்திருக்கிறேன், ஐயா. 1939-இல் 'கிரெஸ்ஸி' என்ற படகில் மனைவியோடு புறப்பட்ட அவர் அந்தப் பயணத்தை எழுத, 1944-இல் அது புத்தகமாயிற்று. அழிந்துகொண்டிருந்த கால்வாய்களுக்கு உயிர் கொடுத்த புத்தகம் அது. 1946-இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்ததற்கு அதுவும் காரணம். ஆனால் ரோல்ட் தொழில் கற்ற பொறியாளர் என்பதை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்குக் கோளாறு வந்தால் அது என்ன கோளாறு என்று அவருக்குத் தெரியும். நம் கதாநாயகிக்குத் தெரியுமா?

தண்ணீரின்மேல் குடியிருந்து எழுதிய இன்னொருவர் பெனிலோப் ஃபிட்ஸ்ஜெரால்டு. அவருடையது கால்வாய்ப் படகல்ல. தேம்ஸ் நதியில் நின்ற பழைய சரக்குப் படகு. பிள்ளைகளோடு அதில் வசித்தார். அது மூழ்கியே போயிற்று, சாமான்களும் போயின. அந்த வாழ்க்கையிலிருந்து அவர் எழுதிய 'ஆஃப்ஷோர்' நாவலுக்கு 1979-இல் புக்கர் பரிசு கிடைத்தது. அதில் ஒழுகுகிற படகு இருக்கிறது, பணமுடை இருக்கிறது, கரையிலும் சேராமல் நீரிலும் சேராமல் தத்தளிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். அனுபவித்தவர் எழுதினால் அப்படித்தான் இருக்கும்.

என் அக்காள் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். "மாமா, சம்பளத்துலே பாதி வாடகைக்கே போயிடுது" என்று சொல்லி ஒரு பழைய படகை வாங்கிக் குடியேறினான். ஒரு நவம்பரில் பத்து நாள் அவனோடு தங்கினேன். அந்தப் பத்து நாளில் நான் பார்த்ததையும், பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சில கேள்விகள் கேட்கிறேன். படகு வாங்க ஆசைப்படுகிறவர்கள் பதில் சொல்லட்டும்.

மலத்தை எங்கே கொட்டுவீர்கள்? முகம் சுளிக்காதீர்கள், படகு வாழ்க்கையில் முதல் கேள்வி அதுதான். பெட்டிக் கக்கூஸ் என்றால் சில நாளுக்கொரு முறை பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அதற்கென்று அமைத்த இடத்துக்குப் போக வேண்டும். பெரிய தொட்டி என்றால் அதை உறிஞ்சி எடுக்கும் துறைக்குப் படகையே ஓட்டிச் சென்று பணம் கட்ட வேண்டும். குடிதண்ணீர்த் தொட்டி வற்றினாலும் அப்படியே. குழாய் உங்களிடம் வராது, நீங்கள்தான் குழாயிடம் போக வேண்டும். மழையில், இருட்டில், கால்வாய் உறைந்து கிடக்கையிலும் இதே விதி. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் மாதக்கணக்கில் உறைந்து, மிச்சமிருந்த சரக்குப் படகுத் தொழிலையே ஏறக்குறைய முடித்துவிட்டன என்பதை நினைவில் வையுங்கள்.

படகின் அடிப்பாகத்தைப் பார்த்தீர்களா? வர்ணத்தைப் பார்த்து வாங்காதீர்கள். சாதாரணமாக அடித்தகடு 10 மில்லிமீட்டர் எஃகு, பக்கங்கள் 6 மில்லிமீட்டர். அதைத் துரு தின்றுகொண்டே இருக்கும். படகைக் கரையேற்றி, தகட்டின் கனத்தை அளக்கத் தெரிந்த பரிசோதகரைக் கொண்டு, உங்கள் செலவில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். விற்கிறவர் கொடுக்கும் பழைய சான்றிதழ் விற்கிறவருக்குத்தான் உதவும். 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் தயங்குவார்கள்; மேலே புதுத்தகடு அடிக்கிற செலவு படகின் விலையையே எட்டிப் பார்க்கும். வாங்கிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கரையேற்றி, சுரண்டி, கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். படகின் பக்கத்தில் மெக்னீஷியக் கட்டிகளைப் பற்ற வைத்திருப்பார்கள். எஃகுக்குப் பதிலாக அவை கரையும். அவை கரைந்து தீர்ந்ததும் புதியவை வைக்காவிட்டால், அடுத்து உங்கள் வீட்டின் தரை கரையும்.

அடுப்பைப் பற்றித் தெரியுமா? காற்றுப்புகாத ஏழடி அறையில் நிலக்கரி அடுப்பு சுகமான பொருள்தான். கொல்லும் பொருளும் அதுதான். புகைக்குழாய் அடைத்தாலோ, அடுப்புக் கதவின் கயிற்றுச் சுற்று தேய்ந்தாலோ, கார்பன் மோனாக்ஸைடு அறைக்குள் வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். எச்சரிக்கை மணிக் கருவி அவசியம். 2019 முதல் அது விதியாகவும் ஆகிவிட்டது. குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களைத் துணி வைத்து அடைக்கிறவர்களுக்கு அந்தக் கருவிதான் கடைசி நண்பன். நான்காண்டுக்கொரு முறை பாதுகாப்புச் சான்றிதழும் வாங்க வேண்டும். அதில்லாமல் லைசென்ஸ் கிடைக்காது.

பாட்டரியில் பாதிக்குக் கீழே மின்சாரத்தை இழுக்காதீர்கள்; பழைய ஈய பாட்டரிகள் சீக்கிரம் செத்துவிடும். புரொப்பெல்லரில் புடவைத் துணியோ பிளாஸ்டிக் பையோ சுற்றிக்கொண்டால், எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பிறகே மூடியைத் திறந்து கை விடுங்கள். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கிப் பூட்டாமல் எஞ்சினைக் கிளப்பினால், நீரே உள்ளே வந்து படகை முழுகடித்துவிடும். லாக்கில் இறங்கும்போது படகின் பின்பாகத்தை மேற்கதவை ஒட்டி நிறுத்தாதீர்கள். நீருக்கடியில் கதவின் காலாக ஒரு கல்மேடை இருக்கிறது; தண்ணீர் வடிய வடியப் படகின் பின்பக்கம் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், முன்பக்கம் மட்டும் கீழே போகும். சில நிமிஷங்களில் வீடு கவிழ்ந்துவிடும். படகைக் கயிறு போட்டு இறுகக் கட்டிவிட்டுத் தண்ணீரை வடித்தாலும் இதே கதிதான்.

இதையெல்லாம் சொன்னதும், "அப்படியானால் யாரும் படகில் வசிக்கக் கூடாது என்கிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அல்லவே அல்ல. என் அக்காள் மகன் இவை அத்தனையும் கற்றுக்கொண்டு கௌரவமாக வாழ்கிறான். அவனைப் போன்றவர்களுக்கு மரியாதை வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். அந்த மரியாதை கிடைக்காமல் போவதற்கு நம் பரவசம் எப்படிக் காரணமாகிறது என்று கேளுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளை 2012 முதல் ஓர் அறக்கட்டளை நிர்வகிக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலையான துறை இல்லாத படகு ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. தக்க காரணம் இருந்தால் இன்னும் சில நாள் நிற்கலாம். எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் அலுவலகத்துக்கோ பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கோ அருகில் இருக்க வேண்டும் என்பதைத் தக்க காரணமாக நிர்வாகம் ஏற்பதில்லை. 1877-இல் படகுக் குழந்தையின் படிப்பைப் பற்றிக் கவலைப்பட்ட தேசத்தில், ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தை விட்டு மைல் கணக்காக விலகி விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

2024 ஏப்ரல் முதல், நிலையான துறையில்லாத படகுகளுக்கு லைசென்ஸோடு கூடுதல் கட்டணமும் விதித்தார்கள். நிர்வாகத்தின் தரப்பிலும் நியாயம் இருக்கிறது: இருநூறு ஆண்டுப் பழமையான கரைகளையும் கதவுகளையும் பராமரிக்கப் பணம் வேண்டும், அரசாங்க மானியமோ 2027-க்குப் பிறகு உண்மை மதிப்பில் குறையப் போகிறது என்று 2023-லேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் பாரம் யார் தலையில் முதலில் விழுகிறது? துறைக்கு வாடகை கொடுக்க முடியாதவன் தலையில். அவன் முணுமுணுத்தால் கரையில் நிற்கிற கனவான் சொல்கிறார்: "இவருக்கென்ன குறை? ஊர் சுற்றும் உல்லாசப் பிரயாணி. உல்லாசத்துக்கு விலை கொடுக்கத்தான் வேண்டும்!" அந்த 'உல்லாசம்' என்ற சொல்லை அந்தக் கனவானின் வாயில் போட்டவர்கள் யார்? பூந்தொட்டிப் படம் எடுத்தவர்களும், பெருமூச்சு விட்டவர்களும், கதை எழுதியவர்களுந்தான்.

வாடகை கட்டாமல் 19-ஆம் நூற்றாண்டில் படகேறிய குடும்பத்துக்கும், வாடகை கட்டாமல் இன்று படகேறும் இளைஞனுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. தனக்கென ஒரு கூரையைத் தன் கையால் பூசி, தன் முதுகால் சுமந்து காப்பாற்றுகிறவனை நம் ஊரில் 'குடித்தனக்காரன்' என்போம். படகில் இருப்பவனும் குடித்தனக்காரன்தான். குடித்தனக்காரனிடம் பேச வேண்டிய பேச்சு வாடகை, தண்ணீர், பள்ளிக்கூடம். அன்னமும் நிலவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே என் சக எழுத்தாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கதாநாயகியைத் தாராளமாகப் படகில் குடியேற்றுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் அவள் மன அமைதி அடையட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு ஜனவரி மாதக் காலையில், கொட்டுகிற மழையில், அந்தக் கக்கூஸ் பெட்டியை அவள் கையாலேயே தூக்கிக்கொண்டு அரை மைல் நடக்கட்டும்.