அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே தாள்

விடியற்காலையில் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் சற்று நேரம் நின்று கவனியுங்கள். மலை ஏறப்போகும் வண்டியிலிருந்து டிரைவர் இறங்கி, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார். பின்பக்க ஜோடி டயரில் உள்ளே இருப்பதற்குக் குனிந்து கையை நீட்டுவார். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளித் திரும்பும். இறங்கியிருந்தால் பொத்தென்று அமுங்கும். பல வருஷம் ஸ்டியரிங் பிடித்தவரின் காதுக்கு அந்த வித்தியாசம் போதும். ஆனால் அடுத்து வரும் வண்டியின் டிரைவர் கம்பியையே எடுக்காமல் கிளம்பக்கூடும். அதற்கடுத்த வேனில் ரேடியேட்டர் தண்ணீரை மட்டும் பார்த்திருக்கலாம். மூன்றும் ஏறுவது ஒரே கொல்லிமலைக்கு.

கொல்லிமலை வண்டிகளுக்குப் பொதுவான ஒரு சோதனைத் தாள் வேண்டும். அதை ஓட்டுநர், உரிமையாளர், மெக்கானிக், பயணி, அதிகாரி எல்லோரும் கூடிப் பேசி எழுத வேண்டும்.

இப்போது இருப்பது என்ன? அரசுப் பேருந்துக்கு டிப்போவில் குறைப் புத்தகம் இருக்கிறது. பள்ளிப் பேருந்தைக் கோடை விடுமுறையில் ஆர்.டி.ஓ., காவல்துறை, கல்வித்துறை சேர்ந்து சோதிக்கிறார்கள். பலாவும் வாழையும் அன்னாசியும் ஏற்றும் பிக்கப் வண்டிக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றோடு கதை முடிந்தது. வெளியூர் சுற்றுலா வேனுக்கு அதன் டிரைவரின் மனசாட்சிதான் சோதனை. அவரவர் தாளில் அவரவர் வண்டி சரியாகத்தான் இருக்கும். ஆனால் வளைவில் எதிரே வரும் வண்டி யார் தாளில் தேறியது என்று எவருக்குத் தெரியும்?

எஃப்.சி. இருக்கிறதே என்பவர்கள் 2012 ஜூலையை நினைத்துப் பார்க்க வேண்டும். தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று இருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. மாநிலம் முழுக்கப் பள்ளி வண்டிகளை ஒரே பட்டியலை வைத்துப் பார்ப்பது என்பது ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பிறகு நாம் கற்றது. 2024 ஏப்ரலில் திருச்சியில் ஒரு வளைவில் திரும்பிய அரசுப் பேருந்திலிருந்து கண்டக்டர் இருக்கையோடு வெளியே விழுந்தார். உடனே எல்லா அரசுப் பேருந்துகளையும் 48 மணி நேரத்தில் சோதிக்க உத்தரவு வந்தது. அது ஒரே ஒரு வளைவு. கொல்லிமலையில், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காட்டுக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு.

மலைக்கென்று தனியாக ஒரு கணக்கும் இருக்கிறது. சரக்கு வண்டிகள் பெரும்பாலும் காலியாக ஏறி, பாரத்தோடு இறங்குகின்றன. அடிவாரத்தில் காலி வண்டியில் நன்றாகப் பிடித்த பிரேக், உச்சியில் மூட்டைகளும் பழத்தார்களும் ஏறிய பிறகு அப்படியே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் லைனரும் சூடேறும்; பெடல் அழுந்தும், வண்டி நிற்காது. ஏறின கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வது இதனால்தான். ஆகவே முள்ளுக்குறிச்சியிலோ காரவள்ளியிலோ மட்டும் சோதித்தால் பாதி வேலைதான் முடியும். மலைமேல் செம்மேட்டிலும் சோளக்காட்டிலும், பாரம் ஏற்றிய பிறகு, அதே தாளை மறுபடி எடுக்க வேண்டும்.

இது நடக்காத காரியமல்ல. ரயிலைப் பாருங்கள். நாடெங்கும் பிரேக் பவர் சர்டிபிகேட் இல்லாமல் வண்டி புறப்படாது. பெட்டிகளைச் சோதித்தவரும் லோகோ பைலட்டும் டிரெயின் மேனேஜரும் (முன்பு கார்டு) அதில் கையெழுத்திடுகிறார்கள். ஏன், நம் நாமக்கல் மாவட்டத்துக் கேஸ் டேங்கர் லாரிகளே சாட்சி. எந்த ஆலைக்கு லோடு ஏற்றப் போனாலும் வாசலில் தீயணைப்புக் கருவி, புகைப்போக்கியில் தீப்பொறித் தடுப்பான், டிரைவரின் பயிற்சிச் சான்று என்று கேட்பார்கள். இல்லையென்றால் லோடு கிடையாது. கேஸுக்குக் காட்டும் கவனத்தை மனிதர்களை ஏற்றும் வண்டிக்கும் காட்டச் சொல்கிறோம்.

தாள் நீளமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் போதும். ஆனால் 'பிரேக் சரி' என்ற எழுத்துக்கு அதில் இடமே இருக்கக் கூடாது. சரி என்பது ஆளுக்கு ஆள் மாறும். காற்று பிரேக் வண்டியானால், இன்ஜினை நிறுத்தி பெடலை மிதித்துப் பிடித்தபடி காற்றழுத்த முள் இறங்குகிறதா என்று பார்த்து, நின்ற இடத்தை எண்ணில் எழுத வேண்டும். டயர் பட்டனின் ஆழம் சட்டம் சொல்லும் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா, சென்டர் போல்ட் இறுக்கமா, ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் நிறுத்துகிறதா, சக்கரத்துக்குக் கொடுக்கக் கட்டை வண்டியில் இருக்கிறதா என்பதும் வேண்டும். சொற்கள் டிரைவர் பேசும் தமிழிலேயே இருக்கட்டும். பயணியும் வாசிக்கும்படி ஒரு பிரதி வாசலருகே தொங்கட்டும்.

பார்க்காமலே டிக் அடித்துவிடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. அதற்கான காரணத்தை நாம் நேராகப் பேச வேண்டும். குறை எழுதினால் வண்டி நிற்கும்; வண்டி நின்றால் டிரைவரின் படி போகும், உரிமையாளருக்கு வாடகை போகும், விவசாயியின் பழம் சந்தைக்குப் பிந்தும், பயணி ஸ்டாண்டிலேயே கத்துவார். இந்த நஷ்டம் முழுவதையும் டிரைவர் ஒருவர் தலையில் வைத்துவிட்டு அவரிடம் நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. குறை எழுதிய அன்று அவர் படி குறையாது என்று உரிமையாளர் எழுதித் தர வேண்டும். வியாபாரி ஒருநாள் தாமதத்தைப் பொறுக்க வேண்டும். நாம், பயணிகள், 'இன்னும் எடுக்கலையா' என்று கூச்சல் போடுவதை விட வேண்டும். கிராம சபையில் இதைப் பேசலாம். மலையிலுள்ள 14 நாடுகளின் ஊராட்சிகளும் முள்ளுக்குறிச்சி ஊராட்சியும் ஒரே தீர்மானம் போட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகம் அதைத் தள்ளிவிட முடியாது.

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் மலைக்கு வரும். வெளியூர் வண்டிகள், மலையையே பார்த்திராத டிரைவர்கள், குழந்தைகளோடு குடும்பங்கள். அதற்குள் தாள் அச்சாகி அடிவாரத்துக்கும் செம்மேட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். கூடவே எழுத ஒரு பேனாவும், டயரைத் தட்ட ஒரு இரும்புக் கம்பியும்.