எந்த மூலத்துக்கு விசுவாசம்?

விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்று படமாக வந்துவிட்டால் போதும், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க ஒரு கூட்டம் கிளம்பிவிடும். அந்த அத்தியாயம் எங்கே, இந்தப் பாத்திரத்தை ஏன் காணோம், முடிவை மாற்ற இவர்கள் யார்? மூலத்தை ஒட்டி எடுத்தால் நல்ல படம், விலகினால் துரோகம் என்பது தீர்ப்பு. நானும் அந்தக் கூட்டத்தில் சில காலம் இருந்தவன்தான். அதனால் அவர்களுடைய வாதங்கள் எனக்கு நன்றாகவே தெரியும்.

முதல் வாதம்: ஆசிரியர் எழுதியதை மாற்றக்கூடாது. சரி, எப்போது எழுதியதை? டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலுக்கு முதலில் எழுதிய முடிவில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் ஒரு கணம் சந்தித்துப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் வேண்டாம் என்றார். டிக்கன்ஸும் இருவரையும் சேர்த்துவைப்பதுபோல் மாற்றி 1861இல் வெளியிட்டார். பழைய முடிவு அவர் இறந்தபின், ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் வெளியே வந்தது. இதில் எது மூலம்?

தாமஸ் ஹார்டியின் கதை இன்னும் வேடிக்கை. 'டெஸ்' 1891இல் 'த கிராஃபிக்' வார இதழில் தொடராக வந்தபோது, குடும்பப் பத்திரிகைக்கு ஒவ்வாது என்று பல இடங்களை அவரே மாற்றினார். டெஸ் கெடுக்கப்படுவதற்குப் பதில் ஒரு போலித் திருமணம் வந்தது. வெள்ளம் நிற்கும் பாதையில் ஏஞ்சல் கிளேர் பால்காரப் பெண்களை ஒவ்வொருவராகக் கைகளில் தூக்கிக் கடத்துவான் அல்லவா? இதழில் அவன் அவர்களை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறான்! புத்தகமாக வந்தபோதுதான் ஹார்டி தான் முதலில் எழுதியவற்றைத் திரும்பச் சேர்த்தார். எந்தத் திரைக்கதையாசிரியரும் ஹார்டிக்கு இந்த அளவு கெடுதல் செய்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டாவது வாதம்: ஆசிரியர் உயிரோடு இருந்தால் ஒரு வரியை வெட்ட விட்டிருப்பாரா? மற்றவர்கள் கைவைத்தால் டிக்கன்ஸுக்குக் கோபம் வந்தது உண்மை. 'நிக்கலஸ் நிக்கல்பி' தொடராக முடிவதற்குள்ளேயே நாடகக்காரர்கள் தாங்களே ஒரு முடிவு கட்டி மேடையேற்றினார்கள். அவருக்கு ஒரு காசு வரவில்லை. கோபப்படாமல் என்ன செய்வார்? ஆனால் 1853 முதல் அவரே மேடையேறித் தன் கதைகளை வாசித்துக்காட்டியபோது கத்தரிக்கோலை எடுத்தவர் யார்? 'கிறிஸ்துமஸ் கேரல்' பிரதியில் பக்கம் பக்கமாக அடித்துச் சுருக்கினார். பருமனான 'டேவிட் காப்பர்ஃபீல்டை' ஒரே மாலைக்குள் அடக்கினார். கேட்பவருக்கு எது வேண்டும், படிப்பவருக்கு எது வேண்டும் என்ற வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்து வருவது நேரக் கணக்கு. இரண்டு மணி நேரப் படத்தில் 600 பக்கம் அடங்காது, தொலைக்காட்சித் தொடர்தான் நியாயம் செய்யும் என்பார்கள். பிபிசி 2005இல் 'பிளீக் ஹவுஸ்' நாவலை 15 பகுதிகளாக எடுத்தது. விறுவிறுப்பான தொடர், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலின் பாதியைச் சொல்வது பெயரில்லாத ஒரு குரல். நிகழ்காலத்தில், எள்ளலும் ஆத்திரமுமாக நகரம் முழுக்கச் சுற்றிவரும் குரல். தொடரில் அந்தக் குரலே இல்லை. சம்பவங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, சொன்னவரைக் காணோம்.

டேவிட் லீன் 1946இல் எடுத்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆர்லிக் என்ற முக்கியமான வில்லனையே தூக்கிவிட்டார். ஆனால் தொடக்கத்தைப் பாருங்கள். சதுப்பு நிலத்தில் தூக்குமரங்களைத் தாண்டிச் சிறுவன் ஓடிவருகிறான். கல்லறைத் தோட்டத்தில் காற்று, கிறீச்சிடும் மரங்கள். பயந்து திரும்பி ஓடுகிறான். கேமராவும் கூடவே நகர்கிறது. நேராக ஒரு கைதியின் மேல் போய் மோதுகிறான். டிக்கன்ஸின் வாக்கியம் நமக்குத் தந்த திடுக்கிடலை இங்கே படத்தொகுப்பு தருகிறது. முடிவு நாவலில் இல்லாதது: பிப், எஸ்டெல்லாவை வளர்த்த மிஸ் ஹவிஷாமின் வீட்டுத் திரைச்சீலைகளைப் பிய்த்தெறிந்து பகல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறான். டிக்கன்ஸ் எழுதிய இரண்டு முடிவுகளைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. சொன்னால் அடிக்க வருவார்கள்.

'ஜேன் ஐர்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேரி ஃபுகுனாகா 2011இல் ஜேன் வீட்டைவிட்டு ஓடும் இடத்தில் படத்தைத் தொடங்கினார். அவளுக்கு அடைக்கலம் தரும் ரிவர்ஸ் குடும்பத்தின் பகுதி வழக்கமாகக் கடைசியில் நசுங்கிப்போகும்; அதற்கு அதனாலேயே மூச்சுவிட இடம் கிடைத்தது. நம் 'சாந்தி நிலையம்' (1969) அதே நாவலிலிருந்து பிறந்ததுதான். ஒரு குழந்தை இருந்த இடத்தில் வீடு நிறையப் பிள்ளைகள். அதற்காக யாரும் அன்று சார்லட் பிராண்டி சார்பில் வழக்குப் போடவில்லை.

நிறம் பற்றிய புகார் ஒன்று உண்டு. ஆண்ட்ரியா ஆர்னல்ட் 2011இல் 'வுதரிங் ஹைட்ஸ்' எடுத்தபோது கறுப்பின நடிகரை ஹீத்கிளிஃப் ஆக்கினார். உடனே வரலாறு திரிந்துவிட்டது என்றார்கள். எமிலி பிராண்டியின் ஹீத்கிளிஃப் லிவர்பூல் தெருவில் கண்டெடுக்கப்பட்ட கரிய நிறச் சிறுவன். அவனை ஒரு லஸ்கர், அதாவது நம் பக்கத்துக் கப்பல் தொழிலாளி, என்றுகூட ஒரு பாத்திரம் ஊகிக்கிறது. மூலத்தை ஒட்டியே தீர வேண்டுமென்றால், 1939இல் லாரன்ஸ் ஒலிவியே நடித்தபோதல்லவா கூச்சல் எழுந்திருக்க வேண்டும்?

அந்த 1939 படத்தில் எனக்கும் குறை உண்டு. வில்லியம் வைலர் நாவலை ஏறக்குறையப் பாதியில், ஹீத்கிளிஃப்பின் காதலி கேத்தரினின் இறப்போடு, நிறுத்திவிட்டார். அடுத்த தலைமுறை இல்லாததால் ஹீத்கிளிஃப்பின் வன்மம் பிள்ளைகள்மேல் விடிவதும், பிறகு அது சலித்து உதிர்வதும் இல்லை, காதல்தான் மிச்சம். ஆனால் படத்தில் உண்மையிலேயே பொய்யாகப் படுவது கடைசிக் காட்சி: இரண்டு ஆவிகள் கைகோத்துப் பனியில் நடந்துபோகின்றன. வைலர் அதை எடுக்க மறுத்துவிட்டார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் வேறு ஆளை வைத்து, நடிகர்களுக்குப் பதிலாள் போட்டு எடுத்து ஒட்டினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காட்சிக்கு நாவலில் ஆதாரம் இருக்கிறது. ஆடு மேய்க்கும் ஒரு சிறுவன் ஹீத்கிளிஃப்பையும் ஒரு பெண்ணையும் பார்த்ததாக அழுகிறான். கதையைச் சொல்லும் பணிப்பெண் நெல்லி அதை நம்பவில்லை. ஆனாலும் இருட்டியபின் வெளியே போக அவளுக்குப் பிடிக்கவில்லை.