யானை பார்க்கப் போகுமுன்

பெருநாள் விடுமுறை வந்தால் பிள்ளைகள் யானை பார்க்கக் கேட்பார்கள். படகிலிருந்து யானை பார்க்கவென்றே போட்ஸ்வானாவின் சோபே ஆற்றுக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் போகிறார்கள். அந்தக் காட்சி நம் அம்பாறையிலேயே உண்டு. 1954இல் அமைந்த கல்லோயா தேசியப் பூங்காவிலே, சேனநாயக்க சமுத்திரத்தின் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்துவதைப் படகிலிருந்து காணலாம். சாகாமத்தாருக்கு டிக்கட்டே வேண்டாம். வேளாண்மை விளைந்தால் அவையே வந்துவிடும்!

இன்னோரிடத்திலும் யானைகள் கூடுகின்றன. அது பள்ளக்காட்டுக் குப்பைமேடு. நம் கரையோர ஊர்களின் குப்பைதான் அங்கே போகிறது. 2022 ஜனவரியில் அங்கு இரண்டு யானைகள் செத்துக் கிடந்தன. வயிற்றிலே பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அப்படி இறந்ததாக அப்போது செய்தி வந்தது. சோற்று வாசனைக்கு யானை பையோடு விழுங்கும். பை செரிக்காமல் குடலை அடைக்கும். பிறகு தீனும் இறங்காது, தண்ணீரும் இறங்காது.

அந்தப் பையை முடிந்தது யார்? என் வீட்டிலும் மீந்த சோற்றைச் சொப்பிங் பையில் கட்டித்தான் போட்டுவந்தோம். இப்போது வாளியில் சேர்த்து முருங்கையடியில் புதைக்கிறோம். வீட்டார் முதலில் முணுமுணுத்தார்கள். இந்த மாதம் முருங்கைக்காய் அயல்வீட்டுக்கும் போனது.