மக்பெத் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா?



பாடசாலை விட்ட பிறகு, ஆங்கில இலக்கியம் படிக்கும் உயர்தர மாணவர்களுடன் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகத்தை வாசித்து வருகிறோம். அதைப் பற்றி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. சூனியக்காரிகள், கொலை, பேய், "எங்கட புள்ளைகளுக்கு இது எதுக்கு?" என்பதுதான் அதன் சாரம். அதைக் கேட்டு இரண்டு மாணவிகளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன்.

முதலில் சூனியம். நாடகத்தில் மூன்று சூனியக்காரிகள் வருவது உண்மை. மக்பெத் அரசனாவான் என்று குறி சொல்கிறார்கள். கொலை செய் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கூட நின்ற பாங்க்வோவுக்கும் அவனது சந்ததி அரசாளும் என்று சொல்கிறார்கள். அவன் கத்தியைத் தூக்கவில்லையே! இருளின் ஆட்கள் சின்ன உண்மையைச் சொல்லி நம்பவைத்து, பெரிய விடயத்தில் காலை வாரிவிடுவார்கள் என்று நண்பனை எச்சரிக்கிறான். கடைசியில் நடப்பதும் அதுதான். காடு நகர்ந்து வந்தால்தான் தோல்வி, பெண் பெற்ற எவனாலும் தீங்கில்லை என்ற வாக்குகளை நம்பியிருந்தவன் முன்னால், எதிரிப்படை மரக்கிளைகளை ஏந்தி வருகிறது. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மக்டஃப் வாளோடு நிற்கிறான். குறிகாரனை நம்பாதே என்று மார்க்கம் சொல்வதை மேடையில் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா? கல்யாணத்துக்கும் கடை திறப்புக்கும் இரகசியமாக பால்கிதாபு பார்த்து வருகிறவர்கள்தான் முதலில் இதை வாசிக்க வேண்டும்.

அடுத்தது கொலை. டங்கன் மன்னனைக் கொல்வது மேடையில் காட்டப்படுவதே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மனிதனின் உள்ளத்தில் நடப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். பக்கத்து அறையில் விழித்தவர்கள் இறைவனை வேண்டுகிறார்கள். கொலை செய்த கையோடு நிற்கும் மக்பெத்துக்கு ‘ஆமீன்’ சொல்ல நா எழவில்லை. அதன்பின் அவனுக்குத் தூக்கமும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும் என்று சொன்ன மனைவி, பின்னர் தூக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத இரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். வைத்தியரோ, இது என் மருந்துக்கு அடங்காது, இவளுக்குத் தேவை மதகுரு என்கிறார். கதாநாயகன் நூறு பேரை வெட்ட விசிலடிக்கும் படங்களை அதே பிள்ளைகள் ஃபோனில் பார்க்கிறார்கள். அதற்கு எந்தக் குரல்பதிவும் வரவில்லை.

என் பார்வையில் நாடகத்தின் உயிர் இதுதான்: மக்பெத்திடம் குற்ற உணர்வு நிறையவே இருக்கிறது, தவ்பா இல்லை. இரத்தத்தில் இவ்வளவு தூரம் இறங்கியாயிற்று, திரும்புவதும் அக்கரைக்குப் போவதும் ஒரே கஷ்டம்தான் என்று கணக்குப் போட்டு, மேலும் கொல்கிறான். வருந்துவது வேறு, மீளுவது வேறு. பதினேழு வயதில் ஒரு பிள்ளை இதை உணர்ந்துகொண்டால் அது வீணா?

இப்போது என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘பேராசை பெருநஷ்டம்’ என்று நான்கு பக்க நோட்ஸ் அடித்துக் கொடுத்துப் பாடமாக்க வைப்பது இலக்கியம் கற்பிப்பதல்ல. ஆசைப்படுவது குற்றமா? விதி இருந்தால் கிரீடம் தானாக வரட்டும் என்று மக்பெத்தே ஒருமுறை நினைக்கிறான். கோடர் பட்டம் அப்படித்தான் வந்தது. அவன் தேர்ந்தெடுத்த குறுக்குவழிதான் குற்றம். டாக்டராகு, எஞ்சினியராகு என்று காலை மாலை ஆசையை ஊட்டும் நாம், எந்த வழியால் போகக்கூடாது என்பதைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்? பதவிக்காக அடுத்தவனைக் கவிழ்ப்பது நம் சங்கங்களிலும் சபைகளிலும் நடக்காததா?

"பொம்புள பேச்சைக் கேட்டு அழிஞ்சான்" என்பது இன்னொரு சோம்பேறி விளக்கம். கொலை எண்ணம் மனைவி வாயைத் திறப்பதற்கு முன்பே அவன் மனதில் வந்துவிட்டது. பாங்க்வோவைக் கொல்லத் திட்டமிட்டதை அவளிடம் அவன் சொல்லவே இல்லை. மக்டஃப்பின் மனைவி மக்களைக் கொன்றதும் அவனது முடிவே. ஆணின் பாவத்தைப் பெண்ணின் தலையில் கட்டும் பழக்கத்தை எதிர்த்துக் கேட்க அந்த இரண்டு மாணவிகளும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று. ஸ்கொட்லாந்து வரலாற்றில் மக்பெத் 1040இல் டங்கனைப் போரில் வீழ்த்தி 17 ஆண்டுகள் ஆண்டவன். ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹொலின்ஷெட்டின் நூலில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. ஆனால் 1606 அளவில் நாடகம் எழுதப்பட்டபோது சிம்மாசனத்தில் இருந்த ஜேம்ஸ் மன்னர், பாங்க்வோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டவர். ஆகவே பாங்க்வோ நல்லவனானான். ஒரு கதையை யார், யாருக்காக மாற்றிச் சொல்கிறார்கள் என்று கேட்க இதைவிட நல்ல பாடம் உண்டா? அப்படிக் கேட்கத் தெரியாததால்தான் வருகிற குரல்பதிவை எல்லாம் ஃபோர்வர்ட் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது இது. ஒரு மாலையில் வாசித்து முடிக்கலாம். வாசித்துவிட்டு எதிர்ப்பவர்களுடன் பேச நான் தயார். பெற்றோர் விரும்பினால் வகுப்பில் வந்து பின்வரிசையில் உட்காருங்கள், கதவு திறந்தே இருக்கும். அந்த இரண்டு பிள்ளைகளையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். ஐந்தாம் அங்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.