யுத்தத்தில் அடிமைப்படுத்தப்பட்ட மாதரின் நினைவு: எமது நிலைப்பாடு

தென்காசியிலும் குற்றாலத்திலும் உள்ள ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் வாசகர்களும் அங்கம் வகிக்கும் எமது மன்றம், இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானிய ராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் நினைவு எந்த ராஜதந்திர சௌகரியத்தின் பொருட்டும் மழுப்பப்படலாகாது என்றும், அந்நினைவு அப்பெண்கள் தாமே சொன்ன சொற்களைக் கொண்டே பேணப்படவேண்டும் என்றும் கருதி, அக்கருத்தை இவ்வறிக்கையின் வாயிலாகப் பகிரங்கமாகத் தெரிவித்துக்கொள்கிறது.

கடல் கடந்த தேசங்களில் நடந்த கொடுமையைப் பற்றித் தென்காசியில் இருப்போர் பேசுவானேன் என்று சிலர் வினவக்கூடும். இவ்வூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் சிங்கப்பூர் சென்று, தஞ்சோங் பகார்ப் பகுதியில் குடியேறிப் பிழைத்த குடும்பங்கள் பல. அந்நகரம் 1942 பிப்ரவரி முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் வசமிருந்தபோது, கெய்ர்ன்ஹில் சாலையில் பெண்களை இவ்வாறு அடிமைப்படுத்திய ராணுவ விடுதிகள் இயங்கின. நம்மவர் வாழ்ந்த ஊரிலேயே நடந்த அக்கிரமம் நமக்கு அந்நியமாகாது.

1944 ஆகஸ்டில் பர்மாவின் மிச்சினா அருகே நேசநாட்டுப் படைகளிடம் அகப்பட்ட 20 கொரியப் பெண்கள், நமது அஸ்ஸாமிலுள்ள லெடோ முகாமில் விசாரிக்கப்பட்டனர். ஆஸ்பத்திரியில் காயக்கட்டுத் துணி சுருட்டும் வேலை என்பதுபோல் ஆசைகாட்டி, முன்பணம் கொடுத்து, அவர்களை வஞ்சித்து அழைத்துச் சென்றதை அமெரிக்கர் எழுதிய அவ்விசாரணை அறிக்கையே பதிவு செய்கிறது. பதிவு செய்த அதே அறிக்கை, அப்பெண்களைச் சுயநலமிகள் என்றும் அழகற்றவர்கள் என்றும் தீர்ப்புரைக்கிறது. மீட்டவர்களின் பேனாவே இவ்வண்ணம் எழுதுமாயின், பிறர் எழுதிய குறிப்புகளை மாத்திரம் நம்பிச் சரித்திரம் எழுதுவது நியாயமாகாது. போதாக்குறைக்கு, யுத்தம் முடிந்த தறுவாயில் ஜப்பானிய அதிகாரிகள் தஸ்தாவேஜுகள் பலவற்றை எரித்துவிட்டனர். பாதிக்கப்பட்டோரின் தொகையை ஆராய்ச்சியாளர் 20,000 என்றும் 2,00,000க்கு மேல் என்றும் வெவ்வேறாகக் கணிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே, 1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் என்ற கொரிய மூதாட்டி பெயரையும் முகத்தையும் மறைக்காமல் தாம் பட்ட கொடுமையை உலகின்முன் பேசியதும், அவரைத் தொடர்ந்து பல தேசத்துப் பெண்கள் அளித்த வாக்குமூலங்களுமே இக்கொடுமைக்குத் தலையாய சாசனம்.

ஜப்பானிய மக்கள்மீது எமக்குப் பகைமை இல்லை. அந்நாட்டு அரசின் சார்பில் யோஹெய் கோனோ, 1993இல் ராணுவத்தின் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டு, சரித்திர ஆராய்ச்சியாலும் போதனையாலும் இதனை என்றும் நினைவில் நிறுத்துவதாக வாக்களித்தார். அவ்வாக்கைக் காக்குமாறு கேட்பது பகைமையாகாது. ஆயினும், மணிலாவில் இப்பெண்களுக்காக 2017 டிசம்பரில் நிறுவப்பட்ட நினைவுச் சிலை 2018 ஏப்ரலிலேயே அகற்றப்பட்டது எம்மை வருத்துகிறது.

எனவே எமது நிலைப்பாடு இதுவாகும். முதலாவதாக, இலங்கைத் தமிழ்ப் பெண்மணியான ராதிகா குமாரசுவாமி, ஐக்கிய நாடுகளின் விசேஷ அறிக்கையாளராக 1996இல் விதந்துரைத்தபடி, ஜப்பான் சட்டப் பொறுப்பை ஏற்று, எழுத்துமூலம் மன்னிப்புக் கோரி, நஷ்டஈடு அளித்து, எஞ்சிய ஆவணங்களையும் வெளியிடவேண்டும். இரண்டாவதாக, நம் பாடநூல்களில் கிழக்காசிய யுத்தம் பேசப்படும் இடத்தில் இப்பெண்களும் பேசப்படவேண்டும். மூன்றாவதாக, சம்மதமின்றி எவர் பெயரும் வெளியாகலாகாது. குடும்ப மானம் கருதி மௌனம் காத்தவர்களின் மௌனத்துக்கும் மரியாதை உண்டு. எனினும், மானக்கேடு இழைத்தவருக்கே உரியது, இழைக்கப்பட்டவருக்கு அன்று என்பதை நாம் ஐயமறச் சொல்லியாகவேண்டும்.

தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைக் காப்பவர்களைத் தான் பணிவதாகக் கல்லில் வெட்டுவித்தான். முடியும் படையும் உடைய அரசனுக்கே பின்வருவோரின் தயவு வேண்டியிருந்ததென்றால், யாதொரு துணையுமற்ற இப்பெண்களின் சொல்லுக்கு அது எத்துணை அவசியம்! ஆதலால், சாரல் பருவத்தின் இறுதியில் வரும் ஆகஸ்ட் 14ஆம் நாளில் ஆண்டுதோறும் குற்றாலத்தில் கூடி அவ்வாக்குமூலங்களை வாசிப்பதென்று தீர்மானித்துள்ளோம். சிங்கப்பூரிலும் மலேயாவிலும் அக்காலத்தைக் கண்டவர்களின் கடிதங்களையும் குறிப்புகளையும் வைத்திருக்கும் குடும்பத்தினர், அவற்றைக் கழித்துவிடாமல் எம்மிடம் பிரதியெடுக்கக் கொடுத்துதவுமாறு விநயத்துடன் வேண்டுகிறோம்.