கோடு தெரிந்தால் என்ன?

"முகத்தில் தூரிகைக் கோடு தெரிகிறதே! படம் சரியில்லை" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறு.

ஹாலந்து ஓவியர் வான்கோ ஏழை. மாதிரிக்கு ஆள் வைக்கப் பணம் இல்லை. கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே சுமார் 35 தடவை வரைந்தார்.

1889-ம் ஆண்டு, மனநோய் மருத்துவமனையில் இருந்தபோது வரைந்த படம் பாரிஸ் ஆர்சே பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தைக் கெட்டியாகத் தீட்டியிருக்கிறார். கிட்டே போனால், பச்சையும் நீலமுமாக வெறும் கோடுகள். எட்டி நின்றாலோ, மனம் தவிக்கும் மனிதர் நம்மையே பார்க்கிறார்!

அந்தக் கோடுகளைத் தேய்த்து வழவழப்பாக்கினால், முகம் இருக்கும், தவிப்பு இருக்காது.

உங்கள் குழந்தை வண்ணத்தை அப்பி அப்பா முகத்தை வரைந்தால், அதட்டாதீர்கள். எட்டி நின்று பாருங்கள்!